அம்மாவின் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி: ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடுவது எப்படி?

ஸ்காட்லாந்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தின் முன்னோரைத் தேட உட்காருகிறவர்களுக்கு முதலிலேயே ஒரு நல்ல சேதி சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டுப் பதிவேடுகளில் பெண்களின் பெயர் தொலைந்து போவதில்லை. பக்கத்திலேயே இருக்கும் இங்கிலாந்தில் கல்யாணம் ஆனதும் ஒரு பெண் கணவனின் குடும்பப் பெயருக்குள் மறைந்துவிடுவாள். 19-ஆம் நூற்றாண்டு இறப்புச் சான்றில் அவள் யாருடைய மகள் என்றே இருக்காது, திருமணப் பதிவிலும் மணமக்களின் அப்பா பெயர் மட்டும்தான், அம்மா பெயரையும் எழுதவேண்டும் என்ற மாற்றம் அங்கே 2021-ல்தான் வந்தது. ஸ்காட்லாந்தில் 1855-லிருந்தே பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றிலும் அம்மாவின் பெயர் அவளுடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறது. சட்டப்படி பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரை இழப்பதே இல்லை என்பது அங்கே பழைய வழக்கம். இறப்புப் பதிவின் அட்டவணையில் அவளை இரண்டு பெயரிலும் தேடலாம், கல்லறைக் கல்லில்கூடப் பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயரைத்தான் வெட்டியிருப்பார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஜான் ஸ்மித் என்ற பெயரில் ஒரே ஊரில் பத்துப் பேர் இருக்கும்போது, உங்களுடைய ஜான் ஸ்மித் யார் என்று காட்டிக்கொடுப்பது அவனுடைய அம்மாவின் பெயர்தான். இந்தத் தேடலின் அடிப்படையே அதுதான்: பெயர் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காமல், இந்தப் பதிவிலிருந்து அந்தப் பதிவுக்குப் போக எழுத்தில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று ஒவ்வொரு படியிலும் கேட்பது.

அரசாங்கமே பிறப்பு இறப்பைக் கட்டாயமாகப் பதிவுசெய்வது ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 அன்று தொடங்கியது. இங்கிலாந்து 1837-லேயே தொடங்கிவிட்டது. பிந்தி வந்தாலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் முதல் வருஷம் கேட்காத கேள்வியே இல்லை. 1855-ல் ஒரு குழந்தை பிறந்தால், பெற்றோரின் வயது என்ன, அவர்கள் எங்கே பிறந்தார்கள், எப்போது எங்கே கல்யாணம் செய்துகொண்டார்கள், இதற்கு முன் எத்தனை குழந்தைகள், அதில் உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். அந்த வருஷம் இறந்தவருக்கோ பிறந்த ஊர், அந்த வட்டாரத்தில் எத்தனை காலமாக இருந்தார், பிள்ளைகளின் பெயரும் வயதும், எங்கே புதைத்தார்கள் என்பதுவரை கிடைக்கும். பதிவாளர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அடுத்த வருஷமே பல கட்டங்களை எடுத்துவிட்டார்கள். 1856 முதல் 1860 வரை பதிவுகள் கொஞ்சம் மெலிந்திருக்கும், இறந்தவரின் கணவன் அல்லது மனைவி பெயர்கூட அந்த ஐந்து வருஷப் பதிவுகளில் இருக்காது. 1861-லிருந்து அந்தப் பெயர் திரும்பி வந்தது. பிறப்புப் பதிவில் பெற்றோரின் கல்யாண நாளும் ஊரும் திரும்பி வந்தன.

உங்கள் குடும்பத்தில் ஒரே ஒருவர் 1855-ல் பிறந்தோ மணந்தோ இறந்தோ இருந்தால் அவரை முதலில் தேடுங்கள். அவர் நேரடி முன்னோராக இருக்கவேண்டும் என்பதில்லை, கொள்ளுத் தாத்தாவின் தம்பியோ தங்கையோ போதும், அவர்களுடைய பெற்றோர்தானே உங்களுக்கும் வேண்டும்!

எங்கிருந்து தொடங்குவது? வீட்டிலிருந்துதான். உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு, பெட்டியில் இருக்கும் சான்றிதழ், பைபிளின் முன்பக்கத்தில் எழுதிவைத்த பிறந்தநாள்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, தெரிந்தவரிலிருந்து தெரியாதவரை நோக்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போகவேண்டும். ஏதோ ஒரு பழைய அரசன் பெயரையோ குலத் தலைவன் பெயரையோ எடுத்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்கி நம்மிடம் வந்து சேர்ந்துவிடலாம் என்று பலர் முயல்கிறார்கள், அது வேலைக்கு ஆகாது.

ஒரு படியை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். லானார்க்‌ஷயரில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி 1893-ல் தன் 62-ஆவது வயதில் இறந்தார் என்று வையுங்கள். அவருடைய இறப்புப் பதிவில் மனைவி பெயர், அப்பா பெயரும் தொழிலும், அம்மா பெயரும் பிறந்த வீட்டுப் பெயரும், தகவல் கொடுத்தவர் யார் என்பது எல்லாம் இருக்கும். வயதைக் கழித்தால் அவர் 1831 வாக்கில் பிறந்தவர், அதாவது அரசுப் பதிவுக்கு முந்தியவர். அவருடைய பிள்ளைகளில் 1861-க்குப் பிறகு பிறந்த ஒருவரின் பதிவை எடுத்தால் அவருக்கு எப்போது எங்கே கல்யாணம் ஆனது என்று தெரிந்துவிடும். அது 1855-க்குப் பிறகு நடந்திருந்தால் அந்தத் திருமணப் பதிவில் மறுபடியும் அவருடைய பெற்றோர் பெயர் இருக்கும். இப்போது இறப்புப் பதிவும் திருமணப் பதிவும் ஒரே அம்மாவைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். சொன்னால் தைரியமாக அடுத்த படிக்குப் போகலாம்.

சொல்லாவிட்டால்? திருமணப் பதிவைத்தான் நான் அதிகம் நம்புவேன். அதில் தகவல் கொடுத்தவர் மணமகனே, தன் அம்மாவின் பெயர் அவனுக்குத் தெரியாமல் இருக்காது. இறப்புப் பதிவில் இறந்தவரே வந்து சொல்ல முடியாது. மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லியிருப்பார், அவருக்கு இறந்தவரின் பாட்டி பெயரும் அம்மா பெயரும் குழம்பியிருக்கலாம். அதனால் எந்தப் பதிவைப் பார்த்தாலும், தகவல் கொடுத்தவர் யார், அவருக்கு இது நேரடியாகத் தெரிந்திருக்க வழி உண்டா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். அந்தக் கட்டத்தைப் பலர் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் முதலில் படிக்கவேண்டிய கட்டம்.

இந்தப் பதிவுகளுக்கு நடுவே ஆட்களை இடத்தில் நிறுத்துவதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறது. பெயரோடு கிடைக்கும் கணக்கெடுப்பு 1841-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு முறை. 1841 கொஞ்சம் ஏமாற்றும்: 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், அதனால் 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார்; குடும்பத்தலைவருக்கு யார் என்ன உறவு என்றும் அதில் இல்லை, பிறந்தது அதே மாவட்டத்திலா இல்லையா என்பது மட்டும் இருக்கும். 1851-லிருந்து உறவுமுறை, சரியான வயது, பிறந்த ஊர் எல்லாம் வந்துவிடுகிறது. 1861-லிருந்து அந்த வீட்டில் ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை என்றும் எழுதினார்கள். கிளாஸ்கோவில் ஒரே ஒரு அறையில் எட்டுப் பேர் இருந்த குடும்பத்தை அந்த எண்ணில் பார்க்கும்போது அவர்கள் வாழ்க்கை சட்டென்று நெருங்கி வந்துவிடுகிறது. 1881-லிருந்து கேலிக் மொழி பேசுவார்களா என்ற கேள்வியும் சேர்ந்தது, மலைநாட்டிலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்களை அடையாளம் காண இது ரொம்ப உதவும். கணக்கெடுப்பு 100 வருஷம் மூடி வைக்கப்படும். இப்போதைக்குக் கடைசியாகத் திறந்திருப்பது 1921 ஜூன் 19 அன்று எடுத்தது. இங்கிலாந்தின் 1931 கணக்கெடுப்பு தீயில் அழிந்துவிட்டது, ஸ்காட்லாந்தின் ஏடுகள் பத்திரமாக இருக்கின்றன, 2032-ல் திறக்கும்.

சரி, இதையெல்லாம் எங்கே பார்ப்பது? ஸ்காட்லாந்து அரசின் ஆவணக் காப்பகமான நேஷனல் ரெகார்ட்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்து நடத்தும் ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்ற இணையதளம்தான் பிரதான வாசல். பெயரைப் போட்டு அட்டவணையில் தேடுவது இலவசம், மூலப் பதிவின் படத்தைப் பார்ப்பதற்குக் கிரெடிட் வாங்கவேண்டும். பிறப்பு 100 வருஷம், திருமணம் 75, இறப்பு 50 என்று கெடு வைத்திருக்கிறார்கள், அதற்குள் வரும் பதிவுகளின் படம் இணையத்தில் திறக்காது. எடின்பரோ போகிறவர்கள் பிரின்சஸ் ஸ்ட்ரீட்டின் கிழக்குமுனையில் ராபர்ட் ஆடம் வடிவமைத்த ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸ் கட்டடத்துக்கே போய்த் தேடலாம். ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட், ஃபேமிலிசர்ச் போன்ற தளங்களில் ஸ்காட்லாந்துக் கணக்கெடுப்பைப் பார்த்து எழுதிய படிகளும் அட்டவணைகளும்தான் கிடைக்கும். தேடிக் கண்டுபிடிக்க அவை நல்லவை. ஆனால் யாரோ ஒருவர் பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தது அது, ஆதாரம் என்று வைத்துக்கொள்ள மூலப் படத்தைக் காசு கொடுத்துப் பார்த்துவிடுங்கள். அட்டவணையில் ஒரு வரியாக இருப்பது படத்தில் பத்துக் கட்டமாக விரியும். ஓரத்தில் பிற்பாடு சேர்த்த குறிப்பு இருந்தால் அதுவும் அங்கேதான் தெரியும். அந்த ஓரக் குறிப்பு திருத்தப்பட்ட பதிவுகளுக்கான தனி ஏட்டைக் காட்டும். திடீர் மரணத்தில் விசாரணைக்குப் பிறகு தெரியவந்த காரணம், நீதிமன்றம் ஒருவரைக் குழந்தையின் தகப்பன் என்று தீர்ப்பளித்தது போன்ற செய்திகள் அந்த ஏட்டில் இருக்கும்.

1855-க்கு முன்னால் போனால் நிலைமை மாறும். அங்கே அரசு இல்லை, சபைதான். ஸ்காட்லாந்து திருச்சபையின் ஒவ்வொரு பாரிஷிலும், அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர் வட்டாரத்திலும், போதகரோ சபை எழுத்தரோ வைத்திருந்த ஏடுகளைப் பழைய பாரிஷ் பதிவேடுகள் என்கிறார்கள். 900-க்கும் மேற்பட்ட பாரிஷ்கள், மொத்தம் சுமார் 3,500 ஏடுகள். ஆகப் பழையது பெர்த்‌ஷயரில் இருக்கும் எரல் என்ற ஊருடையது, 1553-ல் தொடங்குகிறது. ஆனால் எல்லா ஊரும் எரல் ஆகிவிடாது. மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், சில இடங்களில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் முதல் பக்கமே தொடங்கும். அதனால் எந்த ஊரில் தேடினாலும், அந்த ஊர்ப் பதிவேடு எந்த வருஷம் தொடங்குகிறது, நடுவில் எந்த வருஷங்கள் விட்டுப்போயிருக்கின்றன என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லாத ஏட்டில் ஆளைத் தேடி, கிடைக்கவில்லை என்றதும் பக்கத்து ஊரில் அதே பெயரில் இருக்கும் வேறொருவரைப் பிடித்துக்கொள்வதுதான் குடும்ப மரம் முழுக்கத் தப்பாகிப் போவதற்குக் காரணம்.

இந்தப் பதிவேடுகளில் முக்கியமாக இருப்பவை இரண்டு. ஒன்று குழந்தைகளின் திருமுழுக்கு. இன்னொன்று கல்யாணத்துக்கு முன் கோயிலில் அறிவிப்பது, அதாவது நம்மூர்க் கிறித்தவர்கள் ஓலை வாசிப்பது என்று சொல்வது. பெண் ஒரு பாரிஷ், மாப்பிள்ளை ஒரு பாரிஷ் என்றால் இரண்டு இடத்திலும் ஓலை வாசித்திருப்பார்கள், இரண்டையும் பாருங்கள், ஒன்றில் இல்லாத பெண்ணின் அப்பா பெயர் இன்னொன்றில் இருக்கலாம். ஓலை வாசித்ததற்குப் பதிவு இருந்தால் கல்யாணம் நடந்தது என்று உறுதியாகிவிடாது என்பதையும் மனதில் வையுங்கள். இறப்புப் பதிவு அபூர்வம். அதற்குப் பதிலாகச் சவப்பெட்டியின் மேல் போர்த்தும் துணியைச் சபையிடமிருந்து வாடகைக்கு எடுத்த கணக்கு சில ஊர்களில் இருக்கும், இன்னார் வீட்டுக்குத் துணி கொடுத்தது, இவ்வளவு காசு என்று. ஒருவர் எப்போது இறந்தார் என்பதற்கு அந்த வாடகைக் கணக்கைத் தவிர வேறு எந்தச் சாட்சியும் இல்லாமல் போயிருக்கலாம்.

ஒரு உண்மையான பதிவைப் பார்ப்போம், எல்லோருக்கும் தெரிந்த ஆளுடையது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அல்லோவேயில் பிறந்தார், ஆனால் அல்லோவே அப்போது ஏர் என்ற ஊரின் பாரிஷோடு சேர்ந்திருந்ததால் அவரை ஏர் பதிவேட்டில்தான் தேடவேண்டும். அல்லோவேயில் இருக்கும் வில்லியம் பர்ன்ஸுக்கும் அவர் மனைவி ஆக்னஸ் பிரவுனுக்கும் முறைப்படி பிறந்த மகன் ராபர்ட், பிறந்தது 1759 ஜனவரி 25, மறுநாள் 26 அன்று போதகர் வில்லியம் டால்ரிம்பிள் திருமுழுக்குக் கொடுத்தார். அவ்வளவுதான் செய்தி. இதில் கவனிக்கவேண்டியது நிறைய. அப்பா தன் குடும்பப் பெயரை பர்னஸ் என்று எழுதியவர், பதிவேட்டில் வேறு மாதிரி இருக்கிறது. அம்மாவின் குடும்பத்தார் புரூன் என்று எழுதிக்கொண்டார்கள், எழுத்தர் அதைப் பிரவுன் ஆக்கிவிட்டார். அந்தக் காலத்தில் எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், ஒரே ஆளின் பெயர் நான்கு பதிவில் நான்கு விதமாக இருப்பது சாதாரணம். எங்கள் குடும்பம் இப்படித்தான் எழுதும், அந்த எழுத்தில் இருப்பவர் வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். குடும்பப் பெயரின் முன்னால் வரும் 'மேக்' என்பதை முழுதாகவும் சுருக்கியும் எழுதுவார்கள், இரண்டு விதத்திலும் தேடவேண்டும். அப்புறம், ஓர் ஊரில் இருக்கும் இன்னார் என்று எழுதினால் அவர் அங்கே குடியிருப்பவர் அல்லது குத்தகைக்காரர், ஓர் ஊருக்குரிய இன்னார் என்று எழுதினால் நிலத்துக்குச் சொந்தக்காரர். ஆங்கிலத்தில் ஒரு சின்ன இடைச்சொல் வித்தியாசம்தான், ஆனால் அடுத்து நிலப் பத்திரங்களில் தேடுவதா வேண்டாமா என்பதை அது தீர்மானிக்கும்.

பர்ன்ஸ் குடும்பத்தை வைத்தே பெயரிடும் வழக்கத்தையும் சொல்லிவிடலாம். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூன்றாவது மகனுக்கு அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா பெயர், மூன்றாமவளுக்கு அம்மா பெயர். தாத்தா பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைகளுக்கு வைப்பது நமக்கும் பழக்கம்தான் என்பதால் இது சட்டென்று பிடிபட்டுவிடும். ராபர்ட்டின் அப்பாவைப் பெற்ற தாத்தா ராபர்ட். அடுத்த மகன் கில்பர்ட், அம்மாவைப் பெற்ற தாத்தா கில்பர்ட் புரூன். மூன்றாவது மகன் வில்லியம், அப்பா பெயர். மூன்றும் பொருந்துகின்றன. பெண்களில் மூத்தவள் ஆக்னஸ், அம்மாவின் அம்மாவும் ஆக்னஸ், சரி. அடுத்தவள் இசபெல்லாவாக இருக்கவேண்டும், ஏனென்றால் அப்பாவின் அம்மா இசபெல்லா கீத். ஆனால் இரண்டாவது மகள் அனபெல்லா, இசபெல்லா என்ற பெயர் கடைசி மகளுக்குத்தான் போகிறது. ஆக இந்த வழக்கம் உங்களுக்கு ஊகம் தரும், ஆதாரம் தராது. தாத்தா பெயர் என்னவாக இருக்கலாம் என்று யோசிக்க இதைப் பயன்படுத்துங்கள், அந்தப் பெயரைப் பதிவில் பார்க்கும்வரை மரத்தில் எழுதாதீர்கள். ஒரே தாத்தா பெயர் எல்லாப் பேரன்களுக்கும் போவதால் ஓர் ஊரில் ஒரே வயதில் ஒரே பெயரில் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் நாலைந்து பேர் இருப்பார்கள் என்ற சங்கடமும் இதிலேயே இருக்கிறது. அங்கேதான் மறுபடியும் அம்மாவின் பெயர் கைகொடுக்கும். வடகிழக்குக் கரையில் பக்கி போன்ற மீனவ ஊர்களில் இந்தக் குழப்பம் தாங்காமல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்து, அதை அரசுப் பதிவிலும் எழுதியிருக்கிறார்கள்.

குலம் பற்றி ஒரு வார்த்தை. மேக்டொனால்ட் என்று பெயர் இருந்தால் எல்லோரும் ஒரே ரத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். தலைவனின் நிலத்தில் இருந்தவர்களும் அவனுடைய பாதுகாப்பில் வந்தவர்களும் அவன் பெயரை எடுத்துக்கொண்டதுண்டு. பெயரை விடவேண்டி வந்தவர்களும் உண்டு: 1603-ல் மேக்ரெகர் என்ற பெயரையே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள், நடுவில் கொஞ்ச காலம் நீக்கி மறுபடியும் போட்ட அந்தத் தடை 1774-ல்தான் ஒரேயடியாக நீங்கியது. அவர்கள் கேம்பெல், கிராண்ட், மரே, டிரம்மண்ட் என்று பல பெயர்களுக்குள் போய் இருந்தார்கள். பெயரை வைத்துக் கடையில் அந்தக் குலத்துக்குரியது என்று விற்கும் கட்டம்போட்ட துணி வாங்கலாம், முன்னோரைக் கண்டுபிடிக்க முடியாது.

பதிவேட்டில் ஆள் இல்லை என்றால் என்ன காரணங்கள் இருக்கலாம்? 1783-லிருந்து 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி இருந்தது, காசு கொடுக்க மனமில்லாதவர்கள் பதியாமல் விட்டார்கள். அதைவிடப் பெரிய காரணம் சபைப் பிளவு. 1733-லிருந்தே சிறு சிறு குழுக்கள் பிரிந்து போயின. 1843-ல் போதகர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஒரேயடியாக வெளியேறி ஃப்ரீ சர்ச் என்ற சபையைத் தொடங்கினார்கள். அவர்கள் பின்னால் போன குடும்பங்களின் திருமுழுக்கு 1843-க்கும் 1854-க்கும் இடையே பழைய பாரிஷ் பதிவேட்டில் இருக்காது, அந்தந்தச் சபையின் ஏட்டில் தேடவேண்டும். கத்தோலிக்கருக்கும் தனி ஏடுகள். இன்னொரு காரணம் கல்யாண முறை. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இரண்டு பேர் சாட்சிகள் முன்னால் நாங்கள் கணவன் மனைவி என்று சொல்லிவிட்டாலே கல்யாணம்தான், போதகர் வேண்டியதில்லை. 1940 வரை இது நீடித்தது. எல்லை தாண்டி வந்த ஆங்கிலேய ஜோடிகளுக்கு எல்லையோர ஊரான கிரெட்னா கிரீன் பேர்போனதற்கும் இதுதான் காரணம், 1856-ல் மணமக்களில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்கவேண்டும் என்று சட்டம் வந்ததும் அந்த ஓட்டம் குறைந்தது. உங்கள் முன்னோரின் கல்யாணப் பதிவு கிடைக்கவில்லை என்றால் அவர்கள் இப்படி மணந்திருக்கலாம்.

இப்படிப்பட்டவர்களைச் சபை சும்மா விட்டதா? விடவில்லை, அதுதான் நமக்கு லாபம். ஒவ்வொரு பாரிஷிலும் போதகரும் மூப்பர்களும் சேர்ந்த கிர்க் செஷன் என்ற குழு இருந்தது. கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான பெண்ணைக் கூப்பிட்டுத் தகப்பன் யார் என்று கேட்பார்கள், அவள் சொன்ன பெயரை எழுதுவார்கள், அவனையும் கூப்பிடுவார்கள், ஒப்புக்கொண்டால் சபை முன்னால் நிற்கவேண்டும். இதற்கும் பர்ன்ஸே சாட்சி. ஜீன் ஆர்மரோடு அவருக்கு இருந்த உறவுக்காக மாக்லின் என்ற ஊரின் செஷன் 1786-ல் அவரைச் சபை முன்னால் நிறுத்தியது, 1788 ஆகஸ்ட் 5 அன்று அதே செஷன் இருவரும் முறை தவறிச் செய்துகொண்ட கல்யாணத்தை ஏற்றுக்கொண்டது, பர்ன்ஸ் ஏழைகளுக்கென்று ஒரு கினி கொடுத்தார். பெரிய கவிஞருக்கு எழுதிய அதே ஏட்டில் அதே நடையில் பண்ணை வேலைக்காரிகளின் வாழ்க்கையும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்கள் எவ்வளவு கூனிக்குறுகி அங்கே நின்றிருப்பார்கள் என்பதை நினைத்துக்கொண்டே படிக்கவேண்டியிருக்கிறது, அந்த வேதனையின் வழியாகத்தான் பல குடும்பங்களுக்கு இன்று ஒரு தகப்பனின் பெயர் தெரிகிறது. இந்த ஏடுகளில் நிறைய இப்போது படமாக இணையத்தில் இருக்கின்றன, பெயர் அட்டவணை இல்லை, பக்கம் பக்கமாகப் படிக்கவேண்டும்.

1855-க்குப் பிறகும் இதே பிரச்சினை வேறு வடிவில் வரும். தொழிலாளர் தலைவர் கெய்ர் ஹார்டி 1856-ல் பிறந்தபோது அவருடைய அம்மா மேரி கெய்ர் கல்யாணம் ஆகாத பண்ணை வேலைக்காரி. பிற்பாடு அம்மா டேவிட் ஹார்டி என்ற கப்பல் தச்சரை மணந்தார், பையன் ஹார்டி ஆனான். ஹார்டி என்ற பெயரில் அவருடைய பிறப்பைத் தேடுகிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. பிறப்புப் பதிவு இல்லை என்று தோன்றும் இடங்களில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரில் ஒரு முறை தேடிப்பாருங்கள்.

ஏழைகளைப் பற்றி அதிகம் சொல்லும் இன்னொரு இடம் நிவாரண விண்ணப்பங்கள். 1845-ல் வந்த ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு உதவி கேட்டு வந்தவரிடம் பிறந்த ஊர், முந்தைய முகவரிகள், பிள்ளைகள், பெற்றோர், மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், மதம் எல்லாம் விசாரித்து எழுதினார்கள். இவர் எந்த ஊரின் பொறுப்பு என்று கண்டுபிடித்துச் செலவை அந்த ஊரின் தலையில் கட்டத்தான் அத்தனை கேள்வி. கிளாஸ்கோவின் விண்ணப்பங்கள் 1851-லிருந்து மிட்செல் நூலகத்தில் இருக்கின்றன. அயர்லாந்திலிருந்து கிளாஸ்கோவுக்கு வந்த குடும்பம் என்றால், அயர்லாந்தில் எந்த ஊர் என்பது கணக்கெடுப்பில் வெறும் "அயர்லாந்து" என்று இருக்கும், இந்த விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரே கிடைக்கலாம். என் கணக்கில் ஸ்காட்லாந்து ஆவணங்களிலேயே தொடக்கக்காரர்கள் மிகவும் குறைவாகப் பயன்படுத்துவது இதைத்தான்.

1855-லிருந்து வருஷாவருஷம் எழுதிய சொத்து மதிப்பீட்டுப் பட்டியல்களில் வீட்டுக்காரர், குடியிருப்பவர், வாடகை இருக்கும், இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவே குடும்பம் எங்கே போனது என்று பார்க்கலாம். உயில்கள் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து 1925 வரை ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிளிலேயே இருக்கின்றன, ஆனால் 1868-க்கு முன்னால் நிலத்தை உயிலில் எழுதிவைக்க முடியாது, அது மூத்த மகனுக்குத் தானாகப் போனது. அதனால் உயிலில் மூத்த மகனின் பெயர் இல்லை என்றால் அவன் இறந்துவிட்டான் என்று முடிவுகட்டவேண்டாம். நிலம் இருந்தவர்களுக்கு 1617-லிருந்து சசீன் என்ற பத்திரப் பதிவேடு உண்டு.

இவர்களில் நிறையப் பேர் நம் பக்கம் வந்தவர்கள். சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் இருக்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர், நம் ஓலைச்சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் தேடிச் சேர்த்த காலின் மெக்கன்சி லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேக்காரர், இலங்கையில் 1867-ல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்‌ஷயரில் பிறந்து 1892-ல் இலங்கையிலேயே இறந்து கண்டியில் புதைக்கப்பட்டவர். இப்படி வெளியே போனவர்களின் இறப்பை ஸ்காட்லாந்துப் பதிவேட்டில் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மதராஸ் மாகாணத்தில் ஐரோப்பியர்களுக்கு நடந்த திருமுழுக்கு, கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்குப் போயின, அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. வெளிநாட்டில் இறந்த ஸ்காட்லாந்துக்காரருக்கு ஊரில் சொத்து இருந்தால் அவருடைய உயில் விவகாரம் எடின்பரோ நீதிமன்றத்துக்கு வந்தது, அங்கேயும் பாருங்கள்.

எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். தாழ்நிலப் பகுதியில் ஒரு நெசவாளர் குடும்பத்துக்கு அதிர்ஷ்டம் இருந்தால் 1600-கள் வரை போகலாம். மலைநாட்டுக் குத்தகைக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் 1750-ஐத் தாண்டுவதே கஷ்டம், பண்ணை வாடகைக் கணக்குகளிலும் 1690-களின் அடுப்பு வரிப் பட்டியலிலும் பெயர் இருந்தாலும் அது நம் ஆள்தான் என்று இணைக்க உறவைச் சொல்லும் ஏடு இருக்காது. அந்த இடத்தில் அந்த பாரிஷின் போதகர் 1790-களில், நாடு முழுக்க ஊர் விவரம் திரட்டிய சர் ஜான் சின்க்ளேருக்காக எழுதிக்கொடுத்த ஊர் விவரணையை எடுத்துப் படியுங்கள். என்ன விளைந்தது, கூலி என்ன, எத்தனை பேர் ஊரைவிட்டுப் போனார்கள் என்று அதில் இருக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இலவசமாகத் தரும் பழைய நில அளவை வரைபடத்தில் அந்தப் பண்ணை எங்கே இருந்தது என்று பாருங்கள். மரத்தில் அதற்கு மேல் இருக்கும் கட்டத்தை மட்டும் காலியாகவே விட்டுவிடுங்கள்.